நொத்தாரிசுச் செலவும் வீடு வாங்குவோரும்

வீடு வாங்குவோர் 'நொத்தாரிசுச் செலவு' எனக் கொடுக்கும் தொகையின் பெரும்பகுதி நொத்தாரிசைச் சேர்வதில்லை. அது மாகாண சபைக்குரிய முத்திரைத் தீர்வையாகும். இலங்கையில் காணி விற்பனை உறுதிக்கு முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய பெறுமதிக்கு 4 வீதமும் அறவிடப்படுகின்றன. 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது 199,000 ரூபா.

இச்சுமைக்கு அஞ்சி உறுதியில் விலையைக் குறைத்தெழுதுவோர் உளர். தீர்வையோ உண்மைப் பெறுமதிக்கே உரியது. குறைமதிப்புக் கண்டால் மிகுதியும் அறவிடப்படும். வசதியற்றோர் வெறுங் கடிதமொன்றுடன் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது. மோசடியைத் தடுக்க வந்த சட்டத்தின் செலவே ஏழையை மோசடிக்குள் தள்ளுவதை நாம் சிறு குறையாகக் கருதவில்லை.

குறைக்கத்தக்கவை நொத்தாரிசின் ஊதியமும் தேடுதற் செலவுமே. ஆதலால் தீர்வை, பதிவுக் கட்டணம், தேடுதல், ஊதியம் என்பவற்றைத் தனித்தனியே எழுதிக் கேட்டல் வேண்டும். ஊதியத்தை முற்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பழைய உறுதிகளின் பிரதிகளை விற்பவரிடமிருந்தே பெற்றுக்கொடுத்தால் காணிப் பதிவகத்தில் தேடும் வேலை சுருங்கும். ஆயினும் தேடுதலையே கைவிடுவது சிக்கனமன்று. முன்னைய ஈடொன்று பின்னர் வெளிப்படின் வீடே கைநழுவிப் போகலாம்.