மகளின் முதுகைப் பார்த்தீர்களா?

பள்ளிச் சட்டை ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் தழைந்து தொங்குகிறதா? கொரட்டூர்க் கடைவீதித் தையற்காரரோடு சண்டைக்குக் கிளம்புமுன், பெண்ணின் முதுகை ஒரு தடவை பாருங்கள். கோணல் துணியில் இல்லாமல் முதுகெலும்பிலேயே இருக்கலாம்.

பத்து வயதிலிருந்து பதினைந்துக்குள், குழந்தைகள் திடுதிடுவென்று வளரும் பிராயத்தில், நூறில் இரண்டு மூன்று பேருக்கு முதுகுத் தண்டு பக்கவாட்டில் வளைகிறது. 'ஸ்கோலியோஸிஸ்' என்கிறார்கள் டாக்டர்கள். வளைவு அதிகமாகிச் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்களே. காரணம் அநேகமாகப் புலப்படுவதில்லை. புத்தக மூட்டையும், கூனி உட்காருவதும் இதை உண்டாக்குவதில்லை. ஆகவே, "நிமிர்ந்து உட்காரு" என்று பெண்ணைக் கரித்துக் கொட்டிப் பயனில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், பெரும்பாலும் வலியே இராது. சிறு வயதில் வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து விட்ட தாய், பெண் பெரியவளானதும் குளியலறைக்கு வெளியே நின்றுவிடுகிறாள். முதுகு வளைவதும் அந்தச் சமயத்தில்தான்! மாதம் ஒரு முறையாவது எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போங்கள். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பார்த்தால், விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? 1865-ல் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் சொன்ன இந்தச் சோதனைக்குக் காலணாச் செலவில்லை.

எக்ஸ்ரேயில் வளைவு பத்து டிகிரிக்குக் குறைவென்றால் கவலை வேண்டாம். வளரும் பெண்ணுக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் 'பிரேஸ்' என்னும் பிளாஸ்டிக் கவசம் போடுவார்கள். ஐம்பதை எட்டினால் ஆபரேஷன் பேச்சு வரும். 2013-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஐம்பதை எட்டாமலே வளர்ந்து முடித்தனர். அணியாதவர்களில் 48 பேர்தான். ஆனால் தினம் பதினெட்டு மணி நேரம் அணிய வேண்டும். சென்னை வெயிலில் அது லேசான காரியமா? உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டால் தோல் புண்ணாகாது.

"வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று மூடி மறைக்கும் தாய்மார்கள் உண்டு. மறைத்து வைக்கும் அந்த இரண்டு வருஷத்தில்தான் கவசத்தின் காலம் கடந்து போகிறது. வளர்ச்சி நின்றபின் கவசத்தால் பயனில்லை. உலகத்திலேயே வேகமாக ஓடிய உஸேன் போல்ட்டுக்கும் இதே வளைவுதான்!

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை. எலும்புப் பிரிவில் காட்டலாம். முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வளைவு கூடுகிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.