எலிக் காதில் ஏறி வரும் காய்ச்சல்

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் வேலூர் வட்டார மருத்துவமனைகளுக்கு ஒருவகை நோயாளிகள் வருவார்கள். ஒரு வாரமாக விடாத காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை கைவிரித்துவிடும். அனுபவப்பட்ட மருத்துவர் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று தேடிப் பார்ப்பார். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று தென்பட்டால் விடை கிடைத்துவிடும்: ஸ்க்ரப் டைபஸ். எல்லோருக்கும் பொருக்கு இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நோய்க்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. அதை நம் உடம்பில் இறக்குவது, புதர் மண்ணில் வாழும் மைட் என்ற நுண்ணுண்ணியின் லார்வா. நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். வளர்ந்த மைட், மண்ணிலுள்ள சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று பிழைக்கும், மனிதரைச் சீண்டாது. லார்வாவுக்குத்தான் ஒரே ஒரு வேளை பிராணியின் திசுநீர் தேவை.

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைப் பெரும்பாலும் எலிதான் போடுகிறது.

வீட்டெலி, பெருச்சாளி, எலி இனத்தையே சேராத மூஞ்சூறு என எது புதரோரம் போனாலும் லார்வாக்கள் தொற்றி ஏறி, காதுமடலுக்குள் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. வயிறு நிறைந்ததும் உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தில் புதுக் குடியேற்றம் தொடங்குகிறது. ஆனாலும் நோயின் சேமிப்புக் கிடங்கு எலி அல்ல. பாக்டீரியா தாய் மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. எலியை மட்டும் கொன்றால், மண்ணில் காத்திருக்கும் லார்வாக்கள் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை இந்த நோய் படுக்கையில் தள்ளியது. 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோராம்பெனிகால் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். இன்று டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் கைகொடுக்கின்றன, பென்சிலின் பலிக்காது. நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் வேலூர் சி.எம்.சி. தலைமையில் 7 இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மரணம், தணியாத காய்ச்சல், நீடிக்கும் உறுப்புப் பாதிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள், அசித்ரோமைசினோ டாக்ஸிசைக்ளினோ மட்டும் பெற்றவர்களில் முறையே 47, 48 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம்.

தடுப்பூசி இன்னும் இல்லை. புல் அறுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் உடம்பை மூடும் உடை அணிவதும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடையைத் துவைப்பதும்தான் காப்பு. கடிபட்டபின் காய்ச்சல் தலைகாட்ட 6 முதல் 21 நாள் ஆகலாம். மருத்துவரிடம் போகும்போது மூன்று வாரத்துக்குள் எந்தப் புதர்ப் பக்கம் போனோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.