குழந்தைப் படநூல்களும் நவீனக் கலை அறிமுகமும்

முன்னுரை

எழுத்தறியாக் குழந்தை முதலில் படிப்பது படத்தையே ஆகும். ஆயினும் குழந்தை நூல்களில் படம் பெரும்பாலும் சொல்லுக்குத் துணையாகவே அமைகிறது. 'பசு' என்னும் சொல்லருகே ஒரு பசு. 'மரம்' என்னும் சொல்லருகே ஒரு மரம். இம்முறையில் மட்டுமே பழகிய குழந்தை, பெயரிட இயலாத வடிவத்தைக் கண்டவுடன் 'இது என்ன?' என்ற வினாவோடு நின்றுவிடுகிறது. நவீன ஓவியத்தின் முன்னும் சிற்பத்தின் முன்னும் பெரியவர் பலர் தயங்குவதற்கும் இப்பழக்கம் ஒரு காரணம் எனலாம். பெயருக்கு முன்னே வடிவையும் வண்ணத்தையும் காணப் பழக்கும் படநூல்கள் இத்தயக்கத்தைத் தொடக்கத்திலேயே களைய வல்லன. அத்தகைய நூல்கள் சில இங்கு விளக்கப்படுகின்றன.

வடிவம்

லியோ லியோனி 1959-இல் வெளியிட்ட 'சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்' என்னும் நூலில் மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. கிழித்தெடுத்த வண்ணத் தாள் துண்டுகளே கதைமாந்தர். நண்பர்களான நீலமும் மஞ்சளும் தழுவிக்கொள்ளும்போது பச்சையாகிவிடுகின்றன. பெற்றோர்க்கே பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. இரயில் பயணத்தில் பேரக்குழந்தைகளுக்காக ஓர் இதழின் தாளைக் கிழித்து அவர் சொன்ன கதையே பின்னர் நூலாயிற்று. வெறும் தாள் துண்டுக்காகவும் குழந்தை வருந்தும் என்பதை இந்நூல் காட்டுகிறது. உருவம் இன்றியும் உணர்வு பிறக்கும் என்பதே அருவ ஓவியத்தின் அடிப்படையுமாகும்.

வண்ணம்

எரிக் கார்ல் 1929-இல் அமெரிக்காவில் பிறந்து, 1935-இல் பெற்றோருடன் ஜெர்மனிக்குச் சென்றவர். நாஜி ஆட்சி நவீன ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' எனப் பழித்தது. அவற்றை இகழ்வதற்கென்றே 1937-இல் மூனிக் நகரில் கண்காட்சியும் நடத்தியது. அச்சூழலில் ஓவிய ஆசிரியர் ஒருவர், விலக்கப்பட்ட ஓவியங்களின் அச்சுப்படிகளைச் சிறுவன் கார்லுக்கு மறைவாகக் காட்டினார். நீலக் குதிரைகளை வரைந்த பிரான்ஸ் மார்க்கும் விலக்கப்பட்ட ஓவியருள் ஒருவர். அவரை நினைவுகூர்ந்து கார்ல் 2011-இல் 'நீலக் குதிரை வரைந்த ஓவியர்' என்னும் படநூலை வெளியிட்டார். அதில் முதலை சிவப்பு, பசு மஞ்சள். மரத்துக்கு நீலம் பூசிய குழந்தையை 'தவறு' என்று திருத்தும் வகுப்பறைக்கு இந்நூல் நேர்விடையாக விளங்குகிறது.

தொடுகை

சிற்பத்தைத் தாளில் அறிமுகப்படுத்துவது அரிது. நிழற்படம் ஒரு பக்கத்தையே காட்டும். சிற்பமோ சுற்றிவந்து காணத்தக்கது. இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி நூலையே சிற்பப் பண்புடைய பொருளாக்கி இச்சிக்கலைத் தீர்த்தார். 1956-இல் வெளிவந்த 'இருண்ட இரவில்' நூலில் கறுப்புத் தாள், ஊடுதெரியும் தாள், துளையிட்ட தாள் ஆகியன மாறிமாறி வருகின்றன. 1980-இல் வெளியான அவருடைய 'முன்நூல்கள்' பன்னிரண்டும் 10 செ.மீ. சதுர அளவின. மரம், துணி, தாள், நெகிழி எனப் பல பொருள்களால் ஆனவை. எழுதப் படிக்க அறியாதவர்க்கென்றே அமைந்தவை. மென்மை, சொரசொரப்பு, கனம், வெளி என்னும் சிற்பத்தின் கூறுகளைக் குழந்தை இவற்றில் விரல்களால் அறிகிறது.

சொல்லின் பணி

இந்திய மொழிகளிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1930-இல் வெளிவந்த தாகூரின் 'சகஜ பாட்' என்னும் வங்க மொழி அரிச்சுவடிக்கு நந்தலால் போஸ் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களைச் செதுக்கினார். எழுத்துக் கற்ற குழந்தை அதே பக்கத்தில் தலைசிறந்த ஓவியர் ஒருவரின் கைவண்ணத்தையும் கண்டது. கலைக்கெனத் தனிநூல் வேண்டும் என்பதில்லை. பாடநூலே அப்பணியை ஆற்றக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் நல்ல நூலும் படித்துக்காட்டுவோரின் சொல்லால் பயனற்றுப் போகக்கூடும். 'இது குதிரை' என்று முடித்துவிட்டால் குழந்தையின் பார்வையும் அங்கேயே முடிகிறது. 'எந்த வண்ணம் முதலில் கண்ணில் படுகிறது?', 'இந்த வடிவம் நிற்கிறதா, ஓடுகிறதா?' என்பன போன்ற வினாக்கள் பார்வையை நீட்டிக்கின்றன. விடை சொல்லக் குழந்தை புதிய சொற்களைத் தேடுவதால் மொழியும் வளர்கிறது.

முடிவுரை

நவீனக் கலையைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்லுதல் படநூலின் நோக்கமன்று. காண்பதற்கான துணிவைத் தருதலே அதன் நோக்கம். தமிழில் படநூல் படைப்போர் சொல்லுக்குப் படம் தேடுவதோடு அமையாது, சொல்லின்றி நிற்கும் படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் இன்றியமையாதது.