பெயர் இல்லாத சட்டை!

கரிசல் காட்டின் நடுவே தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஊர் புதியம்புத்தூர். தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரம் தாலுகாவில் உள்ள இந்த ஊர், ஆயத்த ஆடைக்குப் பேர் பெற்றது. தைத்து அடுக்கிய சட்டைகளில் தைத்தவர் பெயர் ஏது? ஆனாலும் பழகிய மேஸ்திரி, காலர் மடிப்பையும் காஜாவையும் பார்த்து, "இது இன்னார் கைவேலை" என்று சொல்லிவிடக் கூடும்.

இதே வித்தையைக் கம்ப்யூட்டரில் செய்து காட்டியவர் அரவிந்த் நாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம் சென்றவர்.

2006-ம் ஆண்டு. அங்கே 'நெட்பிளிக்ஸ்' கம்பெனி, சினிமாத் தட்டுகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டுவந்த காலம். யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்பதைத் தங்களைவிட 10 சதவீதம் மேலாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அது அறிவித்தது. போட்டிக்காக, சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர்கள் படங்களுக்குப் போட்ட 10 கோடி மார்க்குகளை வெளியிட்டது. பெயர்களை நீக்கி, வெறும் எண் கொடுத்தாயிற்று. இனி யாருக்கு என்ன பயம்?

அங்கேதான் வந்தது வினை! நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டலி ஷ்மாட்டிக்கோவும் கணக்குப் போட்டார்கள். ஒருவர் மார்க் போட்ட 8 படங்களும், உத்தேசமான தேதிகளும் தெரிந்தால் போதும். அவற்றில் இரண்டு தவறாக இருக்கலாம். தேதி 14 நாள் முன்னே பின்னே போகலாம். அப்படியும் நூற்றுக்கு 99 பேரின் ஏட்டைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம்! வேறொரு சினிமாத் தளத்தில் பகிரங்கமாக விமர்சனம் எழுதிய சிலரோடு ஒப்பிட்டு, இரண்டு பேரை அடையாளமும் கண்டார்கள். ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று.

சினிமா பார்த்ததில் என்ன பெரிய ரகசியம் என்று கேட்கலாம். ஒருவருடைய அரசியல், மத நம்பிக்கை, வீட்டாருக்கும் சொல்லாத அந்தரங்கம் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து ஊகிக்கத் தக்கவை. போகிற வழியில் கடிதத்தைப் பிறர் படிக்காமல் காக்கச் சங்கேத எழுத்து உண்டு. கம்பெனியே கடிதத்தைத் திறந்து சந்தையில் வைத்தால் எந்தச் சங்கேதம் காக்கும்?

வாடிக்கையாளர் சிலர் வழக்குப் போட்டார்கள். அடுத்து நடத்தவிருந்த இரண்டாவது போட்டியை 2010-ல் கம்பெனி கைவிட்டது.

நாராயணன் பிற்பாடு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2016-ல் அவரும் மாணவர் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும் 10 லட்சம் இணையதளங்களைச் சோதித்தார்கள். வருகிறவர் யார், எதைப் பார்க்கிறார் என்று அவருக்குத் தெரியாமலே குறிப்பெடுக்கும் வேவு நிரல்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். அவை மிக அதிகமாக அகப்பட்ட இடம் எது தெரியுமா? செய்தித் தளங்கள்!