ஒரு சிறு கருவியும் மலைக் கிராம ஊழியமும்



நமது ஆண்டுக் கணக்கை வாசிக்கும் அன்பர்களில் சிலர், "மருந்துக்கென்று கொடுத்த காணிக்கையில் வாகனப் பராமரிப்புக்கு இவ்வளவு வேண்டுமா?" என்று கேட்பதுண்டு. கேட்பது நியாயமே. ஆகவே நடமாடும் மருத்துவ வண்டியில் அண்மையில் செய்த ஒரு சிறு பழுதுபார்ப்பை இங்கே விளக்கி எழுதுகிறோம். எதில் சிக்கனம் பிடிக்கிறோம், எதில் பிடிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

நோயாளியைத் தேடிப் போவது மிஷன் மருத்துவப் பணியில் புதிய காரியமல்ல. வேலூரில் 1900-ஆம் ஆண்டு ஒரே படுக்கையோடு ஊழியத்தைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், பின்னாளில் மாட்டுவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் கிராமங்களுக்குச் சென்று சாலையோரத்திலேயே நோயாளிகளைப் பார்த்தார். நமது வண்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்குப் பரிசோதனை, முதியோருக்குச் சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஆகியவை மலைமேல் போய்ச் சேருவது இந்த வண்டியால்தான். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். ஐஸ் வைத்த பெட்டியில் அது மலையேறுகிறது. வண்டி நடுவழியில் நின்றால் ஐஸ் காத்திருக்காது. மலைமேல் காத்திருக்கும் தாய்மாரும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

நமது வண்டி பாரத் ஸ்டேஜ் 3 காலத்து டீசல் மினி லாரியின் சேஸிஸில் கட்டப்பட்டது. சில மாதங்களாக மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். டர்போ குழாய்களில் கசிவு உண்டா என்றும் பார்த்தோம். குறை தீரவில்லை. முடிவில், டீசல் பம்பின் லீவரோடு இணைந்திருக்கும் 'த்ராட்டில் பொசிஷன் சென்சார்' என்னும் கருவியே காரணம் என்று மெக்கானிக் கண்டுபிடித்தார்.

இது என்ன கருவி? பழைய வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்ததல்லவா? ஏறக்குறைய அதுதான் இது. உள்ளே மின்தடைப் பட்டை ஒன்றும், அதன்மேல் உரசி நகரும் முள் ஒன்றும் உண்டு. வெளியே மூன்று ஒயர்கள்: ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது, முள் நிற்கும் இடத்துக்கேற்ற வோல்ட்டை வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கும். முழுவதும் மிதித்தால் 4 வோல்ட்டை ஒட்டி உயரும்.

அந்தப் பெட்டி இதைக்கொண்டு என்ன செய்கிறது? இத்தகைய எஞ்சினில் புகையின் ஒரு பகுதியை மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு உண்டு. எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டாவதை அது மட்டுப்படுத்துகிறது. பாரம் இழுக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். பழைய வானொலிக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருவதுபோல, தேய்ந்துபோன சென்சாரும் தாறுமாறான வோல்ட்டைச் சொல்லும். மூடவேண்டிய நேரத்தில் வால்வு திறந்துகொள்ளும். எஞ்சினுக்குக் காற்று போதாமல் கரும்புகை வரும்.

நம் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அசல் பாகத்தை வாங்குவது. அது தனியாகக் கிடைக்கவில்லை. முழுத் தொகுப்பாகவே வாங்கவேண்டும், விலையும் ஒரு புது டயரின் விலைக்கு மேல். இரண்டாவது, ஒயரைக் கழற்றிவிட்டு ஈ.ஜி.ஆர். வழியைத் தகட்டால் அடைத்துவிடுவது. செலவே இல்லை, வண்டியும் நன்றாக இழுக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது சட்டத்துக்குப் பொருந்தாது. மேலும், மூச்சிரைப்புக்கு மருந்து கொடுக்கப் போகிற வண்டி, அந்த நோயாளியின் வாசலிலேயே மூச்சைக் கெடுக்கும் வாயுவை விட்டுவிட்டு வரலாமா? ஆகவே அவ்வழியை விட்டோம். மூன்றாவது, பெட்ரோல் கார்களுக்கென்று கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதே வகைச் சென்சாரை நம் வண்டிக்குப் பொருத்திக்கொள்வது. அதைத் தெரிந்துகொண்டோம்.

வாங்கி மாட்டினால் போதாது. கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

முதலில், பழைய கருவியின் மொத்த மின்தடையையும், மிதிக்காதபோதும் முழுவதும் மிதித்தபோதும் அது காட்டிய வோல்ட்டையும் குறித்துக்கொண்டோம். புதியதின் மின்தடை அதற்கு நெருங்கியதாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, சுழலும் திசை. புதியது எதிர்த்திசையில் சுழலும் வகையானதால், மிதிக்க மிதிக்க வோல்ட் குறைந்தது. 5 வோல்ட் ஒயரையும் எர்த் ஒயரையும் இடம் மாற்றியதும் சரியாயிற்று. மின்தடைப் பட்டை உள்ள வகைக்கே இது பொருந்தும். காந்தத்தால் இயங்கும் வகையில் இப்படி மாற்றினால் கருவி எரிந்துபோகக்கூடும்.

மூன்றாவது, மிக முக்கியமானது: சென்சார் ஒருபோதும் பம்ப் லீவரைப் பிடித்து நிறுத்தக்கூடாது. காலை எடுத்த பிறகும் லீவர் திரும்பாமல் போனால், கொண்டை ஊசி வளைவில் என்ன நேரிடும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே லீவரும் சென்சாரின் அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி லேத் பட்டறையில் பித்தளை இணைப்பும் இரும்புப் பிராக்கெட்டும் செய்வித்தோம். லீவர் தன் எல்லையைத் தொட்ட பின்னும் சென்சாரில் சற்று இடம் மீந்திருக்கும்படி வைத்தோம். லீவரைத் திருப்பும் ஸ்பிரிங்கை யாரும் தொடவில்லை.

நான்காவது, பிராக்கெட்டின் துளைகளை நீள்துளைகளாக வெட்டியதால், சென்சாரைச் சற்றே திருப்பி, குறித்துவைத்த வோல்ட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. பிறகு முள் உள்ள மல்டிமீட்டரை இணைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பார்த்தோம். முள் எங்கும் துள்ளாமல் சீராக ஏறி இறங்கியது.

அதன் பின்பும் உடனே நோயாளிகளை ஏற்றவில்லை. மணல் மூட்டைகளைப் பாரமாக வைத்து ஓட்டுநர் மலைப்பாதையில் ஏறி இறங்கினார். புகைப் பரிசோதனையும் செய்தோம். கர்த்தருடைய கிருபையால் யாவும் சரியாயிருந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் பிராக்கெட்டின் போல்ட்டுகளும் வோல்ட்டும் பார்க்கப்பட்டு வண்டியின் பதிவேட்டில் எழுதப்படுகின்றன.

அப்படியானால் எல்லாவற்றிலும் மலிவானதை மாட்டலாமே என்று எண்ணவேண்டாம். இந்த வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து பம்புக்குக் கேபிள் நேராகப் போகிறது. சென்சார் கெட்டுப்போனால் புகை வரும், இழுவை குறையும். ஆனால் எஞ்சினின் வேகம் ஓட்டுநரின் காலுக்குக் கீழேதான் இருக்கும். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் அந்தக் கேபிள் இல்லை. மிதிகட்டையிலேயே சென்சார் இருக்கிறது. அது ஒன்றுக்கு இரண்டாகச் செய்தி அனுப்ப, கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே இப்படிப்பட்ட மாற்று வேலை கூடாது; அசல் பாகமே வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றிலும், அறுவை அரங்கின் ஆக்சிஜன் கருவிகளிலும் நமக்கு அதே விதிதான். ஒரு பாகம் தவறினால் நமக்குத் தொல்லை மட்டுமா, அல்லது நோயாளியின் உயிருக்கே ஆபத்தா என்று முதலில் கேட்கிறோம். விலையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகே வருகிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார். விதவைத் தாயாரின் சிறு காணிக்கையும் சபையாரின் பெரிய காணிக்கையும் ஒரே பெட்டியில்தான் சேருகின்றன. அதில் மீந்த பணம் மாத்திரைகளுக்குப் போகிறது. வண்டியும் குறித்த நாளில் மலையேறுகிறது.

நடமாடும் மருத்துவக் குழுவின் பாதுகாப்பான பயணத்துக்காகவும், ஓட்டுநருக்காகவும், மலைமேல் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் குழந்தைகளுக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ள அன்புடன் வேண்டுகிறோம்.