5ஜி கைப்பேசி இப்போதே தேவையா?

கைப்பேசிக் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "5ஜி வேண்டுமா, 4ஜி போதுமா?" என்பதுதான். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகளில் தொடங்கியது. 2023 இறுதியில் அது 80 விழுக்காட்டை எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கு மக்கள் வசிக்கும் பகுதிகளுக்கு மட்டும். நாட்டின் மொத்த நிலப்பரப்புக்கு அல்ல. செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் உங்கள் தோட்ட வீடு எஞ்சிய 20-இல் இருக்கலாம்.

இன்னொன்று, 5ஜிக்கு வேகம் தரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிகத் தூரம் போகாது. சுவரையும் மரங்களையும் தாண்டும்போது வலுவிழந்துவிடும். கடையில் கண்ட வேகம் வீட்டுக் கூடத்தில் வராமல் போகலாம். அதனால் 5ஜி கைப்பேசி வைத்திருக்கும் உறவினரையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்குள் திரையின் மேல்மூலையில் 5ஜி என்று வருகிறதா பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் அதே நிறுவனத்தின் சிம் கார்டாக இருந்தால் நல்லது. 5ஜி கிடைக்காத இடத்தில் அந்தக் கைப்பேசி தானாகவே 4ஜிக்கு மாறிக்கொள்ளும். கூடுதலாகக் கொடுத்த பணம்தான் சும்மா கிடக்கும்.

அழைப்பு, வாட்ஸ்அப், யூடியூப் என்றிருக்கும் அப்பா அம்மாவுக்கு 4ஜியே தாராளம். ஆனால் 'வோல்ட்இ' வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 2021 இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்ட பிறகு, அந்த வசதி இல்லாத கைப்பேசியில் பேச வேண்டுமானால் 2ஜிதான் துணை.

பட்டணத்தில் படிக்கப் போகும் பிள்ளைக்கு, நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகிற கைப்பேசி என்றால், 5ஜியே வாங்கிக் கொடுக்கலாம்.