பக்கெட்டில் பிடித்த காற்று

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் ரோடியோ என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த யூனோகல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஆகஸ்ட் 22 அன்று ஒரு கோபுரத்திலிருந்து கேட்டகார்ப் என்ற ரசாயனக் கரைசல் கசியத் தொடங்கியது. கசிவு நின்றது செப்டம்பர் 6-ஆம் தேதி. ஊர்க்காரர்களுக்காக வழக்கை எடுத்துக்கொண்டவர் எட்வர்ட் மாஸ்ரி. ‘எரின் பிரோக்கோவிச்’ படத்தில் வருகிற அதே வக்கீல்தான். 1995-ல் அந்தப் பக்கம் போனபோது ஆலைப் புகையில் அவருக்கே உடம்பு முடியாமல் போயிற்று. உள்ளூர் அலுவலகம் முதல் மத்திய அரசு அலுவலகம் வரை போன் போட்டுக் கேட்டார். எங்கள் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லையே என்றார்கள்.

இதில் வேடிக்கை, அவர்கள் சொன்னது பொய்யாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அரசின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் ஊர் முழுவதற்கும் பொதுவாக வைக்கப்படுபவை. தூசி, சல்ஃபர் டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், ஓசோன் என்று சிலவற்றைத்தான் அவை தேடும். தேடாத வாயு எதிரே வந்து நின்றாலும் அவற்றுக்குத் தெரியாது. தேடுகிற வாயுவையும் பெரும்பாலும் நாள் சராசரியாகத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அரை மணி நேரம் மூச்சு முட்ட வைத்த காற்று, மீதி இருபத்து மூன்றரை மணி நேரக் காற்றோடு சேர்ந்து கரைந்துவிடும். ஆலையிலிருந்து புறப்படும் வாயுவும் நாலா பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. காற்று அடிக்கும் திசையில் ஒடுங்கிய பட்டையாக ஓடும். ஒரு தெரு அவதிப்படும்போது அடுத்த தெரு நிம்மதியாகத் தூங்கும். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்துகொள்ள, கீழே கசிந்தது மேலே போக வழியில்லாமல் வீடுகளின் உயரத்திலேயே தங்கிவிடும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ‘ராத்திரியானால்தான் நாற்றம்’ என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆலைக்காரர்கள் இருட்டில் திறந்துவிடுகிறார்கள் என்று ஊர் சந்தேகப்படும். சில இடங்களில் அதுவும் நடக்கலாம். ஆனால் வானிலையே போதும்.

மாஸ்ரி ஒரு பொறியாளரை அமர்த்தி, சாதாரண ஜனங்கள் கையாளக்கூடிய ஒரு கருவியைச் செய்யச் சொன்னார். வந்து சேர்ந்தது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

பக்கெட்டின் மூடியில் இரண்டு துளைகள். ஒன்றின் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் உள்முனையில் டெட்லார் என்ற மெல்லிய பை மாட்டியிருக்கும். டெட்லார் ஒருவகை ஃபுளோரின் பிளாஸ்டிக்; ரசாயனங்கள் அதில் எளிதில் ஒட்டாது, அதிலிருந்தும் பெரிதாக எதுவும் கசிந்து மாதிரியில் கலக்காது. இரண்டாவது துளையில் ஒரு சின்ன உறிஞ்சு பம்ப். பம்பை ஓட்டினால் அது பைக்குள் காற்றை அடைப்பதில்லை. பைக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. சுற்றிலும் அழுத்தம் குறைய, பை தானாக விரிந்து வெளிக்காற்றை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நம் விலா எலும்புகள் விரிந்து நுரையீரலுக்குள் காற்று போகிறதே, அதே ஏற்பாடு. இப்படிச் சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. காற்று பம்பின் வழியாகப் போனால் பம்பின் எண்ணெயும் ரப்பரும் அதோடு கலந்துவிடும். ‘உன் கருவியிலிருந்தே வந்த ரசாயனம்’ என்று ஆலையின் வக்கீல் ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவார்.

பை ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே அந்தக் காற்றை, முடியைப் போன்ற உள்விட்டமும் முப்பது நாற்பது மீட்டர் நீளமும் உள்ள கண்ணாடி இழைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு. ஒவ்வொரு ரசாயனமும் அந்தப் பூச்சில் தன் குணத்துக்கேற்ப ஒட்டி விலகி ஒட்டி விலகி நகர்வதால், ஒன்றாக நுழைந்த கூட்டம் மறுமுனையில் ஒவ்வொன்றாக, வெவ்வேறு நிமிடத்தில் வெளியே வரும். வந்ததை எலக்ட்ரான்களால் அடித்து உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்க்கிறார்கள். பென்சீன் என்றால் 78 என்ற இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். நூறு கோடி மூலக்கூறுகளில் ஒன்றிரண்டு இருந்தாலே இந்த முறை பெயரைச் சொல்லிவிடும்.

நம் மூக்கும் இந்தப் போட்டியில் லேசுப்பட்டதல்ல. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடியில் ஒரு சில பங்கு என்ற அளவிலேயே அது கண்டுபிடித்துவிடும். சமையல் எரிவாயுவில் நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டன்களும் அப்படியே. ஆனால் மூக்கு பாரபட்சமானது. பென்சீனின் லேசான இனிப்பு வாசனை நமக்குத் தட்டுப்பட, காற்றில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்காவது வேண்டும். கன மீட்டருக்கு ஏறக்குறைய 4,800 மைக்ரோகிராம். இந்தியாவில் 2009-ல் வெளியான காற்றுத் தர அளவுகோல் பென்சீனுக்கு அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான ஒரு வாயு, எல்லையை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தாண்டிய பிறகுதான் நம் மூக்கின் கதவைத் தட்டுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் ஒரு பொறி இருக்கிறது: பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

பக்கெட் ரோடியோவோடு நிற்கவில்லை. லூசியானா, தென்னாப்பிரிக்கா என்று சுற்றி, 2004-ல் கடலூருக்கு வந்தது. உப்பனாற்றின் கரையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில், ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து நாற்றக் குறிப்பேடு எழுதினார்கள். எந்த நாள், என்ன நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, என்ன மாதிரி நாற்றம், யாருக்கு என்ன செய்தது. நாற்றம் உச்சத்தில் இருக்கும்போது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பைகள் கலிஃபோர்னிய ஆய்வகத்துக்கு விமானம் ஏறின. இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் பெயரோடு திரும்பி வந்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் இருந்தன. உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைப் பேச வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் ஆய்வக முடிவுக்கு இணையாக அந்தக் குறிப்பேட்டையும் மதிப்பேன். எப்போது பக்கெட்டைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது அதனால்தான்.

இருந்தாலும் பக்கெட் சொல்வது சில நிமிடக் கதை. ‘அன்றைக்கு மட்டும்’ என்று ஆலை சொல்லலாம். ‘அது நெடுஞ்சாலை லாரிப் புகை’ என்றும் சொல்லலாம். இந்த இரண்டு சாக்குக்கும் பதில் சொல்லும் விதி 2015-ல் அமெரிக்காவில் வந்தது. ஒவ்வொரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் தன் வேலியைச் சுற்றிப் பென்சீன் அளக்க வேண்டும்.

கருவி என்று பார்த்தால் விரல் நீளமும் கால் அங்குல விட்டமும் உள்ள ஒரு எஃகுக் குழாய். பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு முனை திறந்திருக்கும். உள்ளே கரித்தூள் மாதிரி ஒரு பொருள். வெளியே அலைகிற பென்சீன் மூலக்கூறு மற்ற மூலக்கூறுகளோடு முட்டி மோதித் திக்குத் தெரியாமல் உள்ளே வருகிறது. கரியைத் தொட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கரியின் வாசலில் பென்சீன் எப்போதும் சூனியம். வெளியே கொஞ்சம் இருக்கிறது. அந்த வித்தியாசமே தொடர்ந்து உள்ளே இழுக்கிறது. இந்த வேகம் மாறாதது என்பதுதான் அழகு: நிமிடத்துக்கு முக்கால் மில்லிலிட்டருக்கும் குறைவான காற்றில் உள்ள பென்சீன். பதினான்கு நாள் தொங்கவிட்டால் சுமார் 13 லிட்டர் காற்றின் பென்சீன் அதில் சேர்ந்திருக்கும். கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராம் இருந்தால், குழாயில் மாட்டுவது ஒரு மைக்ரோகிராமில் எட்டில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் சூடாக்கினால் அது வெளியே வந்து எண்ணாகிவிடும்.

குறைந்தது 12 இடங்களில் குழாய் தொங்கும். இருப்பதிலேயே அதிகமான எண்ணிலிருந்து இருப்பதிலேயே குறைந்த எண்ணைக் கழிக்க வேண்டும். காற்று உள்ளே நுழையும் பக்கத்தில் இருப்பது ஊரின் பென்சீன், லாரிப் புகை உட்பட. மறுபக்கத்தில் கூடுதலாக இருப்பது ஆலை சேர்த்தது. இந்தக் கழித்தலின் ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆலை மூல காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். எண்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகின்றன. 2019-லேயே பத்து ஆலைகள் வரை எல்லையைத் தாண்டியது தெரியவந்தது.

வேலியில் அளப்பானேன், புகைபோக்கியிலேயே அளக்கக் கூடாதா? புகைபோக்கியில் வருவதைப் பிடிக்கும் சண்டை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, விந்தையாக இதே ரோடியோவின் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. செல்பி என்ற உலோக உருக்காலையின் அமிலப் புகையை எதிர்த்து விவசாயிகள் வழக்குப் போட்டிருந்தார்கள். பெர்க்லி பேராசிரியர் ஃபிரெடரிக் காட்ரெல் 1907 வாக்கில் அந்தக் கரையில்தான் தன் கண்டுபிடிப்பைச் சோதித்தார். பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கு நடுவே புகையைவிட்டால், துளிகளும் தூசிகளும் மின்னேற்றம் பெற்று எதிர்த்தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். நூல் சுற்றிய ஒரு கம்பியில், நீட்டிக்கொண்டிருந்த நார்களின் நுனியில் ஊதா ஒளி கசிவதை அவர் கவனித்ததிலிருந்து வந்த யோசனை என்பார்கள். இன்றைக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சாம்பலைப் பிடிப்பதும் அந்தத் தத்துவம்தான்.

புகைபோக்கிக்கு ஒரு வாய். அங்கே கருவியை மாட்டிவிடலாம். சுத்திகரிப்பு ஆலைக்கோ பல்லாயிரம் வாய்கள். வால்வு, பம்ப், குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்ச், டாங்கிகளின் மிதக்கும் கூரையைச் சுற்றிய விளிம்பு. வால்வின் தண்டு சுழலும் இடத்தில் திணித்திருக்கும் கிளாண்ட் பேக்கிங் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஆவி போகும். 1997-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களின் சங்கமே செய்த ஆய்வில், குறைக்கக்கூடிய கசிவில் பத்தில் ஒன்பது பங்கு, ஆயிரம் இணைப்புகளில் ஒன்றிரண்டிலிருந்து மட்டுமே வருவதாகத் தெரிந்தது. அந்த ஒன்றிரண்டு எவை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் ஃபிட்டரின் ஸ்பேனர் வேலை.

அளக்காமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் சாட்சி. அங்கே ஆலைகள் தங்கள் கசிவைச் சூத்திரம் போட்டு மதிப்பிட்டு அரசுக்கு எழுதிக் கொடுத்துவந்தன. 2000-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் விமானங்களில் கருவிகளோடு மேலே பறந்து பார்த்தார்கள். எத்திலீன், புரொப்பிலீன் போன்ற வாயுக்கள் ஏட்டில் இருந்ததைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை இருந்தன. யாரும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் நல்ல வால்வுகள் மட்டும் இருந்தன.

இப்போது கசிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு, 3.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். உணரியை மைனஸ் 190 டிகிரிக்கு அருகே குளிர்வித்து அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கும் கேமராவைத் திருப்பினால், வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த டாங்கியின் தலையிலிருந்து கருமையாக ஆவி சுருண்டு போவது திரையில் தெரியும்.

நம் நாட்டில் அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களில் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, எண்களை நேரடியாக அனுப்பும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. காற்றைப் பொறுத்தவரை அந்தக் கருவி உட்கார்ந்திருப்பது புகைபோக்கியில். ஃபிளேஞ்சில் கசிவது அந்த வழியாகப் போவதில்லை. பென்சீனுக்கு 5 என்ற எண் நம்மிடம் 2009 முதல் இருக்கிறது. சென்னை மணலியிலும் கடலூரிலும் ஆலைச் சுவர் நெடுக அந்த எஃகுக் குழாய்களைத் தொங்கவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழித்தல் போட்டு வெளியிட, மின் இணைப்புகூடத் தேவையில்லை.